வரி குறைந்தது, ஒர்க்‌ஷாப் பில் குறைந்ததா? மெக்கானிக் சொல்லும் தொகை நியாயமா என்று கண்டுபிடிப்பது எப்படி?

சென்னை நகரில் கார் வைத்து இருப்பவர்களைக் கதிகலங்க வைக்கும் வார்த்தை ஒன்று உண்டு. அதுதான் "எஸ்டிமேட்!"

பானட்டைத் திறந்து எட்டிப் பார்க்கிறார் மெக்கானிக். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "சார், கிளட்ச் போச்சு. பதினாறாயிரத்து அறுநூறு ஆகும்" என்கிறார். கார்க்காரருக்கு தூக்கிவாரிப் போடுகிறது. "என்னண்ணே, இவ்வளவா?" என்கிறார். "வேணும்னா இன்னொரு இடத்துல கேட்டுக்கங்க சார்" என்று பதில் வருகிறது. இன்னொரு இடத்தில் கேட்டால் ஒன்பதாயிரத்து ஐநூறு என்கிறார்கள்.

இரண்டில் எது நியாயம்? முதல் ஆள் கொள்ளை அடிக்கிறாரா? இரண்டாவது ஆள் மலிவாகச் சொல்லி மாட்டிவிடுகிறாரா? குமாஸ்தா வேலை பார்ப்பவருக்கு இது அரை மாதச் சம்பளம். வாடகைக் கார் ஓட்டுபவருக்கோ, கார் ஷெட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் பட்டினி நாள்.

இந்தக் கேள்விக்கு இப்போது புதிய காரணம் ஒன்றும் சேர்ந்து உள்ளது. கார் உதிரிபாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரி இல்லாமல் 5 ஆயிரம் ரூபாய் விலை உள்ள ஒரு சாமான் முன்பு ரூ.6,400. இப்போது ரூ.5,900. ஐநூறு ரூபாய் மிச்சம். அந்த ஐநூறு கார்க்காரர் பையில் இருக்கிறதா, ஒர்க்‌ஷாப் கல்லாவில் இருக்கிறதா? சீட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒற்றை வரி சீட்டு உஷார்!

"கிளட்ச் வேலை - ரூ.16,600". இப்படி ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் அது எஸ்டிமேட் அல்ல. வெறும் துண்டுச் சீட்டு. அதை வைத்துக்கொண்டு நியாயமா, அநியாயமா என்று அந்த ஆண்டவனாலும் சொல்ல முடியாது.

ஒழுங்கான எஸ்டிமேட்டில் நான்கு விவரம் இருக்க வேண்டும். என்னென்ன சாமான், ஒவ்வொன்றும் என்ன விலை, கூலி எவ்வளவு, வரி எவ்வளவு என்பவைதான் அவை. "இந்த வேலை எதற்காக?" என்ற கேள்விக்கு வாயால் ஒரு பதிலும் வேண்டும். இந்த ஐந்தும் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மெக்கானிக் இவற்றைச் சொல்லத் தயங்கினால், தொகை சின்னதாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

மலிவு ஏன் விலை கூடியது?

மேலே சொன்ன கிளட்ச் வேலையையே பிரித்துப் பார்ப்போம். இது உதாரணத்துக்காகப் போட்ட கணக்கு. காருக்குக் கார் விலை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதல் மெக்கானிக்கின் கணக்கு வருமாறு:- கிளட்ச் பிளேட் ரூ.4,000. பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சேர்த்து ரூ.5,000. ஆயில் சீல் ரூ.500. கியர் ஆயில் ரூ.1,200. கூலி ரூ.5,000. கூலிக்கு 18 சதவீத வரி ரூ.900. சாமான் விலையில் வரி அடக்கம். ஆக மொத்தம் ரூ.16,600.

இரண்டாவது மெக்கானிக்கின் கணக்கு:- பிளேட் மட்டும் ரூ.4,000. கூலி ரூ.5,000. ஆயில் ரூ.500. மொத்தம் ரூ.9,500.

இப்போது விஷயம் விளங்குகிறது அல்லவா? இரண்டு பேருமே கூலி ஒரே தொகைதான் கேட்கிறார்கள். கிளட்ச் வேலையில் பெரிய செலவு எது? கியர் பாக்சை இறக்கி ஏற்றுவது. உள்ளே இருக்கும் எந்தச் சாமானைத் தொட வேண்டும் என்றாலும் அதை இறக்கித்தான் ஆக வேண்டும்.

பிளேட்டை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தவருக்கு, சில மாதத்தில் பழைய பேரிங் கத்த ஆரம்பித்தால் என்ன ஆகும்? மறுபடியும் கியர் பாக்ஸ் இறங்கும். மறுபடியும் ஐயாயிரம் கூலி. அதோடு ஐயாயிரத்துக்குச் சாமான். முதலில் கொடுத்த ஒன்பதாயிரத்து ஐநூறோடு சேர்த்தால் ரூ.19,500. "அதிகம்" என்று தோன்றிய முதல் எஸ்டிமேட்டைவிட ரூ.2,900 கூடுதல்!

பழைய பேரிங்கும் பிரஷர் பிளேட்டும் நன்றாகவே இருந்தால் இரண்டாவது மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம். அதை அவர் பார்த்துச் சொன்னாரா, பார்க்காமலே சொன்னாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இதே இடத்தில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. கிளட்சுக்காகக் கியர் பாக்சை இறக்கிவிட்டு, "ஆயில் சீல் மாத்துறதுக்குத் தனிக் கூலி" என்று இன்னொரு பெரிய தொகையை எழுதுவது. ஏற்கனவே திறந்து கிடக்கும் இடத்தில் சீலை மாற்றுவதற்கு முழுக்கூலி கேட்பது, ஒரே பஸ்சுக்கு இரண்டு டிக்கெட் வாங்கச் சொல்வது போல. டைமிங் பெல்ட் மாற்றும்போது தண்ணீர் பம்ப்பையும் மாற்றினால், பல கார்களில் இதே கதைதான். "இந்த இரண்டு வேலைக்கும் ஒரே இறக்கம்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

ஜோடியாக மாற்றினால் மோசடியா?

"ஒரு சக்கரத்தில்தான் பிரேக் சத்தம். இரண்டு பக்கமும் மாற்றச் சொல்கிறான், ஏமாற்றுகிறான்" என்று குமுறுபவர்கள் உண்டு. இது மோசடி அல்ல. பிரேக் பேட் முன்பக்கம் என்றால் இடது, வலது இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் தேய்ந்தது என்றால் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும். ஷாக் அப்சார்பருக்கும் இதே விதிதான்.

ஆனால் முன்பக்க பேட் தேய்ந்தது என்று சொல்லி நான்கு சக்கரத்துக்கும் எழுதினால் காரணம் கேட்க வேண்டும். தேய்ந்த பேட்டை நேரில் காட்டச் சொல்லலாம். பேடின் தேயும் பகுதி 3 மில்லி மீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பது பொதுக் கணக்கு. டிஸ்க்கையும் மாற்ற வேண்டும் என்றால், குறைந்தபட்சம் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டு இருக்கும். அளந்து காட்டச் சொல்லலாம்.

ஏ.சி. விவகாரம் இன்னொன்று. "கேஸ் தீந்துபோச்சு சார், நிரப்பிடலாம்" என்பது கோடைகாலத்தில் கேட்கும் வழக்கமான பாட்டு. ஏ.சி. கேஸ் பெட்ரோல் போலச் செலவாகும் பொருள் அல்ல. குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்.

பேட்டரியிலும் உஷார் வேண்டும். கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் புது பேட்டரி எழுதிவிடுவார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். எஞ்சின் ஓடியும் ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் பக்கம் சந்தேகப்பட வேண்டும். அதைச் சரிசெய்யாமல் போடும் புது பேட்டரியும் இறங்கித்தான் போகும். பழைய பேட்டரிக்கு விலை உண்டு. அதைக் கழித்து இருக்கிறார்களா என்றும் எஸ்டிமேட்டில் பார்க்க வேண்டும்.

வரியில் ஒரு விளையாட்டு

டப்பாவில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அந்த விலையைப் போட்டு அதன் மேல் மறுபடியும் 18 சதவீதம் வரி போட்டால் அது இரட்டை வசூல். டப்பாவில் ரூ.5,900 என்று இருந்தால் ரூ.5,900-தான். அதன் மேல் வரி என்று ரூ.1,062 சேர்த்து ரூ.6,962 கேட்டால் கொடுக்கத் தேவை இல்லை. அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது எடையளவு சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை.

இன்னொரு விஷயம். வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குக் கீழே வரவு உள்ள சின்ன ஷெட், ஜி.எஸ்.டி. பதிவு செய்யவேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. பதிவு இல்லை என்பது குற்றம் அல்ல. ஆனால் பதிவு இல்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. என்று எழுதி வசூலிக்கக் கூடாது. வரி போட்டு இருந்தால் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அது 33 என்று தொடங்கும். எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால், அந்தப் பணம் சர்க்காருக்குப் போகாது.

'ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?'

எஸ்டிமேட் வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் சாமானின் தரம். ஒரே சாமான் மூன்று விதமாகக் கிடைக்கும். கார் கம்பெனி முத்திரையோடு வருவது ஒன்று. உதிரிபாகம் தயாரிக்கும் கம்பெனி தன் சொந்தப் பெயரில் விற்பது இரண்டாவது. கழற்றி எடுத்த பழைய சாமான் மூன்றாவது. இதற்குப் புதுப்பேட்டை பெயர் போனது.

இரண்டாவது வகை மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. பல சமயம் கார் கம்பெனிக்குச் சப்ளை செய்பவரே தன் பெயரிலும் விற்பார். பழைய சாமானும் பாவம் அல்ல. கதவு, கண்ணாடி போன்றவற்றைப் பழையதில் வாங்கிப் பணம் மிச்சப்படுத்துவதில் தவறு இல்லை. ஆனால் பிரேக், ஸ்டியரிங், ஏர் பேக் ஆகியவற்றில் அந்த மிச்சம் வேண்டாம். அங்கே மிச்சம் பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

மூன்றும் விற்கலாம். ஒன்றின் விலையை வாங்கிக்கொண்டு இன்னொன்றை மாட்டுவதுதான் மோசடி. அதனால் எஸ்டிமேட்டில் எந்தக் கம்பெனி, புதிதா பழையதா என்று எழுதி வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் புது டப்பாவையும் கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பாதித் தில்லுமுல்லு அங்கேயே நின்றுவிடும்.

"வெளி ஷெட்டில் விட்டால் வாரண்டி போய்விடும்" என்று பயமுறுத்துவதும் உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ந் தேதி 14 கார் கம்பெனிகளுக்கு ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. ஒரிஜினல் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் ஆணையம் உத்தரவிட்டது. இதை எதிர்த்து மேல்முறையீடுகளும் நடந்தன. எப்படியும் வாரண்டி காலத்தில் வெளியே விடுமுன் வாரண்டி புத்தகத்தைப் படிப்பது நல்லது. வெளியே செய்த வேலையால் பழுது வந்தால் கம்பெனி பொறுப்பு ஏற்காது.

கம்பெனி சர்வீஸ் சென்டர்களிலும் கவனம் தேவை. இஞ்செக்டர் கிளீனிங், எஞ்சின் ஃபிளஷ், ஏ.சி. மருந்து, துரு பிடிக்காத பூச்சு என்று பட்டியல் நீளும். காரோடு வந்த புத்தகத்தில் எத்தனை கிலோ மீட்டருக்கு என்ன வேலை என்று அச்சிட்டு இருக்கிறது. அதில் இல்லாத வேலை எஸ்டிமேட்டில் இருந்தால், "இது கட்டாயமா?" என்று கேட்க வேண்டும். பல வரிகள் அங்கேயே காணாமல் போகும்.

கம்ப்யூட்டர் சொன்னால் வேதவாக்கா?

அம்பாசடர் காலத்தில் மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுப் பழுதைச் சொல்வார். இப்போது ஸ்டியரிங்குக்குக் கீழே வயரை மாட்டி, திரையில் வரும் கோடு எண்ணைக் காட்டுகிறார்கள். "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு சார், சென்சார் மாத்தணும்" என்றால் கார்க்காரர் வாயடைத்துப் போகிறார்.

கோடு எண் என்பது டாக்டரிடம் காட்டும் காய்ச்சல் அளவு மாதிரி. காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும். எதனால் என்று சொல்லாது. சென்சார் கோடு வந்தால் சென்சாரே போய் இருக்கலாம். வயர் அறுந்து இருக்கலாம். பிளக் பாயிண்ட் துருப் பிடித்து இருக்கலாம். "சென்சாரை எப்படிச் சோதிச்சீங்க?" என்று கேட்டால், வேலை தெரிந்த மெக்கானிக் சந்தோஷமாக விளக்குவார். மழுப்பினால், இன்னொரு இடத்தில் பார்ப்பது உத்தமம்.

"இன்சூரன்ஸ் இருக்கா சார்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதும் எஸ்டிமேட் தொகை ஏறினால் விழித்துக்கொள்ள வேண்டும். "கம்பெனிதானே கொடுக்குது" என்று தலையாட்டுவது தவறு. சாதாரண பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதி விலை கழிக்கப்படும். அந்தப் பாதி கார்க்காரர் தலையில்தான் விடியும்.

கிளெயிம் செய்தால் போனசும் போகும். போனஸ் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டாத ஒருவருக்கு, வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் ரூ.8,000, போனஸ் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கிளெயிம் செய்தால் போனஸ் பூஜ்யம் ஆகி, பிறகு 20, 25, 35, 45, 50 என்று படிப்படியாகத்தான் ஏறும். அதுவரை பிரீமியத்தில் கூடுதலாகக் கட்டுவது மொத்தம் ரூ.10 ஆயிரம். ஆறாயிரம் ரூபாய் பம்பருக்காக இதை இழப்பது லாபமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

வெள்ளத்தில் சிக்கிய கார் கதை வேறு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை இதைக் கண்கூடாகப் பார்த்தது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்த்தால், உள்ளே புகுந்த தண்ணீர் எஞ்சினின் ராடையே வளைத்துவிடும். பிறகு "எஞ்சினையே இறக்கணும்" என்று மெக்கானிக் சொன்னால், அந்தத் தொகை பெரிதாக இருந்தாலும் நியாயமாக இருக்கலாம். தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்கு இன்சூரன்ஸ் கைவிரிக்கும் இடமும் இதுதான்.

மெக்கானிக் பக்கமும் நியாயம் உண்டு

ஷெட் வாடகை, கரண்ட் பில், பையன்கள் சம்பளம் எல்லாம் கூலியில் இருந்துதான் வர வேண்டும். பழுதைக் கண்டுபிடிக்க அரை நாள் உழைத்தவர், அதற்குக் கூலி கேட்பது தவறு அல்ல. "சும்மா பார்த்ததுக்கு காசா?" என்று கேட்பதுதான் தவறு. டாக்டர் பார்த்ததற்குப் பணம் கொடுக்கிறோம். மருந்துக்குத் தனியாகவும் கொடுக்கிறோம்.

திறந்து பார்க்காமல் சொல்ல முடியாத வேலையும் உண்டு. எஞ்சினைப் பிரித்த பிறகு செலவு கூடுவது சகஜம். அதற்கு வழி ஒன்றுதான். "எஸ்டிமேட்டுக்கு மேலே போனால், போன் செய்து கேட்காமல் கை வைக்கக் கூடாது" என்று சீட்டிலேயே எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இதற்குச் சம்மதிக்கும் மெக்கானிக் கொஞ்சம் அதிகம் கேட்டாலும் விட்டுவிடக் கூடாது.

காரைத் தர மறுத்தால்?

செய்த வேலைக்குக் கூலி கொடுக்காதவரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒர்க்‌ஷாப்காரருக்கு உரிமை உண்டு. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு இதைச் சொல்கிறது. அதனால் ஷெட் வாசலில் நின்று சண்டை போடுவதால் பலன் இல்லை. தகராறு என்றால், ஆட்சேபணையை எழுதிக் கொடுத்து, பணத்தைக் கட்டி, பில் வாங்கிக்கொண்டு வண்டியை எடுப்பதே புத்திசாலித்தனம். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால் அது கூலித் தகராறு அல்ல. போலீசுக்குப் போக வேண்டிய விஷயம்.

பில் கொடுக்க மறுப்பதே 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் போன் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கோர்ட்டு கட்டணம் கிடையாது. தான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஆனால் கையில் எஸ்டிமேட், பில், படம், பழைய சாமான் இருக்க வேண்டும். வாய்ப் பேச்சு அங்கே செல்லாது.

மொத்தத்தில், பெரிய தொகை என்பதால் அநியாயம் என்றும், சின்னத் தொகை என்பதால் நியாயம் என்றும் சொல்ல முடியாது. வேலை தொடங்கும் முன்பு பிரித்துச் சொல்லக் கூடியதும், முடிந்த பிறகு பழைய சாமானைக் காட்டி நிரூபிக்கக் கூடியதும்தான் நியாயமான எஸ்டிமேட். காய்கறிக் கடையில் கத்தரிக்காய் கால் கிலோவுக்குக்கூட எடைத்தட்டைப் பார்க்காமல் காசு கொடுப்பது இல்லை. பதினாறாயிரத்துக்குப் பார்க்காமல் கொடுப்பானேன்?